கடல் பக்கம் பன்னிரண்டு, வட்டைப் பக்கம் பன்னிரண்டு

“கப்பல் ஓடினாப் போதாதா புள்ள? அதுக்குள்ள என்னத்துக்குக் கண்ணாடி மாதிரிப் பலகை?”

சபியா உம்மா ஒருமுறை மகள் நதீராவிடம் இப்படிக் கேட்டார். முதல் பலகை வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று. உப்புப் பூத்து, கறுத்து, குசினிக் கதவைவிட மோசமாகக் கிடந்த பலகை அது.

நதீரா பதில் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் அவளுக்குப் பதில் மூன்று நாள் கழித்துத்தான் வரும். அப்போது கேட்டவர் பக்கத்தில் இருக்கமாட்டார். இந்தக் கேள்விக்கும் அப்படித்தான் வந்தது: கடலில் போகிறவர்களுக்கும் கொஞ்ச நேரம் ஒரு வீட்டுக்குள் இருக்கிற மாதிரி இருக்க வேண்டுமே, உம்மா. ஆனால் அதற்குள் உம்மா வேறு இருபது கேள்விகள் கேட்டு முடித்திருந்தார்.

அது எட்டு மாதங்களுக்கு முந்திய கதை.

எழுபது வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை உல்லாசமாகப் போய்வரக் கட்டிய மோட்டார்க் கப்பல் ‘லொர்னா’. சண்டைக்காலம் முழுக்கத் திருகோணமலையில் கட்டியபடியே கிடந்தது. போன வருஷம் சண்டை முடிந்த கையோடு, அறுகம்குடாவில் ஹோட்டல் வைத்திருக்கும் காலிதீன் ஹாஜியார் அதை வாங்கி, ஒலுவில் கரையில் மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார். அடிப்பலகை வேலை வினாயகபுரத்துச் செல்லத்தம்பிக்கு. நடு அறையின் மஹோகனிப் பலகைகளைப் புதுப்பிக்கும் வேலை நதீராவின் வாப்பா, கல்முனைக்குடித் தச்சர் மீராசா ஓடாவிக்கு.

அந்த வேலையைப் பேசி எடுத்து வந்தவன் ஓடாவியின் மூத்த மருமகன் அஸ்கி. “பொலிஷ் நான்தான் போடுறன் ஹாஜியார்” என்று அவன் சொன்னதையும், ஹாஜியார் வேலைக் கடதாசியில் அவன் பேரை எழுதிக்கொண்டதையும் ஊர் அறியும். பொலிஷ் போடுவது உண்மையில் யார் என்பது அந்த வீட்டுச் சுவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சுனாமி அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மீராசா ஓடாவியின் வலது தோள் உயரவில்லை. மரம் அறுக்க முடியும். மணிக்கணக்கில் கையைச் சுழற்றிப் பொலிஷ் போட முடியாது. அதே ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் நதீராவும் பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறி, முகாம் மறுபடி பள்ளிக்கூடமாக மாறியபோது அவள் கையில் பொலிஷ் துணி இருந்தது.

பின்வளவுத் தகரக் கொட்டிலில், கண்ணாடித் துண்டால் பழைய வார்னிஷைச் சுரண்டி, அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய சாரத் துணியில் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டணத்தால், பலகை பலகையாக அவள் தேய்த்தாள். பலகைகளின் பின்புறத்தில் வாப்பா பென்சிலால் அடையாளம் போட்டிருந்தார். கடல் ஒன்று முதல் கடல் பன்னிரண்டு வரை. வட்டை ஒன்று முதல் வட்டை பன்னிரண்டு வரை. ஊரில் எதற்கும் திசை அதுதானே. ஒன்று கடல் இருக்கும் பக்கம். இல்லாவிட்டால் வயல்வெளி கிடக்கும் வட்டைப் பக்கம்.

நேற்று இருபத்துநான்கும் லொறி ஏறிப் போயின. இன்று அஸர் தொழுகைக்கு முன் எல்லாம் பொருத்தி முடிந்திருக்க வேண்டும் என்பது ஹாஜியாரின் கடைசிக் கெடு. முடியாவிட்டால் நாளைக்குச் சுவரில் பிளாஸ்டிக் தகடு ஒட்ட ஃபோர்மிக்காக்காரன் வருவான். மஹோகனிப் பலகை ஹோட்டல் குசினிக்கு றாக்கைத் தட்டு அடிக்கப் போகும்.

காலை பத்தே முக்காலுக்கு, நதீராவின் ராத்தா ஹுஸ்னியாவின் ஃபோன் அடித்தது.

“மகள், பலகை ஒண்டும் பொருந்துதில்ல” என்றார் வாப்பா.

ஹுஸ்னியா ஃபோனைத் தங்கையின் பக்கம் நீட்டினாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது.

“எத்தனை பலகை வாப்பா?”

“எல்லாந்தான். மேல விரல் போற அளவுக்கு இடைவெளி. கீழ இறுகுது. பொலிஷ் குடிச்சுப் பலகை கோணிப்போச்செண்டு அஸ்கி சொல்றான். இப்ப சீவுளிய எடுத்திட்டான்.”

பொலிஷ் குடித்துப் பலகை கோணாது. ஸ்பிரிட் பலகையில் பட்ட மூச்சிலேயே பறந்துவிடும். எட்டு மாதம் அதன் வாசனையில் இருந்தவளுக்கு அது தெரியாதா?

“கோணல்ல” என்றாள்.

“சத்தமாச் சொல்லுகா. நீ சொல்றது எனக்கே கேக்குதில்ல” என்றாள் ஹுஸ்னியா.

“கோணல்ல வாப்பா! சீவ வேணாமெண்டு சொல்லுங்க!”

மறுமுனையில் மரம் சீவும் சத்தம் சர்ரென்று கேட்டது. பிறகு ஃபோன் கட்டாகிவிட்டது.

ஹுஸ்னியா இடுப்பில் கைவைத்து நின்றாள். “நேர போய்ச் சொல்லு.”

“நானா?”

“இல்ல, பக்கத்து வீட்டு ஆடு. போய் அபாயாவப் போடு. நானும் வாறன். அவரு என்ட புருஷன், எனக்குத் தெரியும். அவருக்கு ஒண்டு தோணிட்டா ஃபோனில சொல்லித் திருத்த ஏலா. முன்னால போய் நிக்கணும்.”

சபியா உம்மா குசினியிலிருந்து கரண்டியோடு வந்தார். “குமர்ப் புள்ளயக் கப்பலுக்குள்ள கூட்டிப் போறயா? அங்க ஆம்புளயள்தானே நிறைஞ்சு கிடக்காங்க. ஊரு என்ன கதைக்கும்?”

“போகாட்டி ஃபோர்மிக்கா ஒட்டுவாங்க உம்மா. ஊரு அதத்தான் வந்து பார்த்திட்டுப் போகும்.”

உம்மா இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கரண்டியை வைத்தார். “நில்லுங்க. சோத்தக் கட்டித்தாறன். உங்கட வாப்பா காலையிலயும் தின்னல்ல.”

ஆட்டோவில் நதீராவின் மடியில் சோற்றுப் பொதி. காலடியில் பையொன்று, அதற்குள் பொலிஷ் போத்தலும் பஞ்சுப் பொட்டணமும். எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. காரைதீவுச் சோதனைச் சாவடியில் ஆட்டோ பழக்கத்தில் மெதுவாகியது. சிப்பாய் ஃபோனில் சிரித்துப் பேசியபடி, போ என்று கையைக் காட்டினான். நிந்தவூர் தாண்டும்வரை அவள், சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒலுவில் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது செல்லத்தம்பி. “பார்த்து ஏறு தங்கச்சி. அந்தக் கட்டை ஆடும்.”

நதீரா முதல் முறையாக லொர்னாவுக்குள் காலை வைத்தாள்.

கொட்டிலில் படுத்த கோலத்திலேயே பார்த்துப் பழகிய பலகைகள் இங்கே சுவரில் எழுந்து நின்றன. சில தொங்கின. சில பாதி ஆணியில் சாய்ந்து, ஒன்றோடொன்று சண்டை பிடித்தவர்கள் மாதிரி நின்றன. நடுவில் தரையில் அஸ்கி. அவன் முழங்காலுக்குக் குறுக்கே கடல் மூன்று. காலைச் சுற்றிச் சிவந்த மரச் சுருள்கள்.

நதீரா ஒரு சுருளைக் குனிந்து எடுத்தாள். அதன் ஓரத்தில் பதினொரு நாள் பொலிஷ் மினுங்கியது.

“என்ன, அக்காவும் தங்கச்சியும் பிக்னிக் வந்தீங்களா?” என்றான் அஸ்கி. சிரிக்கவில்லை. நெற்றியில் வியர்வையும் மரத்தூளும் ஒட்டிக் கிடந்தன.

“சீவுளிய வைங்க” என்றாள் ஹுஸ்னியா.

“கோணின பலகைய வேற என்ன செய்ற? மடியில வச்சித் தாலாட்டவா? நேரம் பன்னெண்டாகப் போகுது. இன்னும் இருபத்துமூணு கிடக்கு.”

வாப்பா ஜன்னலோரம் நின்றார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. “மாரி ஈரம் உள்ள போயிருக்குமோ மகள்? நான் உன்னக் குத்தம் சொல்லல்ல.”

குற்றம் சொல்லவில்லை என்று அவர் சொன்னதுதான் அவளைச் சுட்டது. அவள் கண்ணைத் தூக்கினாள். சுவர்களைப் பார்த்தாள்.

கடல் ஆறில், சாசர் அளவில் வெளிறிய வட்டம் ஒன்று உண்டு. எழுபது வருஷம் அங்கே ஒரு விளக்கின் அடிப்பாகம் ஒட்டியிருந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் அந்த வட்டம் முழுதாகப் போகவில்லை. அதற்காக அவள் இரண்டு நாள் அழாத குறையாக இருந்தாள். இப்போது கடல் ஆறு, கடல் பக்கச் சுவரில் நிற்கிறது. ஆனால் விளக்கு வயர் எங்கே? எதிர்ச் சுவரில், ஆறாவது இடத்தில், சுவருக்குள்ளிருந்து வாலை நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். யாரும் பார்க்கவில்லை. அஸ்கி மறுபடி சீவுளியைப் பலகையில் வைத்தான்.

“வாப்பா!”

அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அஸ்கியின் கை நின்றது.

“நீங்க பலகை கழட்டின அண்டைக்குக் கப்பல்ர மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நிண்டிச்சு?”

“கல்முனைப் பக்கம். ஏன் மகள்?”

“இப்ப எந்தப் பக்கம் பார்த்து நிக்கிது?”

வாப்பா ஜன்னலால் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். எதிர் ஜன்னலுக்குப் போய் அதிலும் குனிந்து பார்த்தார்.

செல்லத்தம்பியின் தலை கதவுக்குள் வந்தது. “இப்ப நேர் மாறாப் பொத்துவில் பக்கம். நாங்கதானே மார்கழி மழைக்கு முதல் திருப்பி வச்சது. மற்றப் பக்க அடிப்பலகைக்கும் வெயில் படவேணுமே. ஏன் மீராசாக் காக்கா, ஆரும் சொல்லல்லயா?”

“கடல் பக்கம் எண்டு எழுதி வச்சன்” என்றார் மீராசா ஓடாவி மெதுவாக. “யா அல்லாஹ். கடல் பக்கம் எண்டு எழுதி வச்சன்.”

செல்லத்தம்பிக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். பயனில்லை. “காக்கா, நாங்க படகுக்காரர் மூக்கப் பார்த்து நிண்டு இடது வலது எண்டுதான் போடுவம். நீங்க வீட்டுக் கதவுக்குப் போடுறமாதிரிப் போட்டிருக்கிறீங்க. வீடு ஒருக்காலும் திரும்பாது. இது திரும்பும்!”

மீராசா ஓடாவி சிரிக்கத் தொடங்கினார். தோளைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “முப்பத்தஞ்சு வருஷ ஓடாவி நான். நாப்பது வீட்டுக்குக் கதவு போட்டவன்…” அதற்குமேல் சொல்ல முடியவில்லை. ஹுஸ்னியா சுவரில் சாய்ந்து சிரித்தாள். செல்லத்தம்பியின் ஆட்கள் வெளியே நின்று, என்ன என்று தெரியாமலே சிரித்தார்கள்.

அஸ்கி மட்டும் சிரிக்கவில்லை. கடல் மூன்றின் சீவிய ஓரத்தில் பெருவிரலை வைத்தபடி இருந்தான்.

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். செல்லத்தம்பியும் இரண்டு ஆட்களும் உள்ளே வந்தார்கள். கழற்றியது கழற்றியபடி, கடல் பலகை எல்லாம் வட்டைச் சுவருக்கு, வட்டைப் பலகை எல்லாம் கடல் சுவருக்கு. முதலாவது பலகையை வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லி வைத்தார். உள்ளங்கையால் ஒரு தட்டு. டக். தன் இடத்தைத் தானே கண்டுபிடித்த மாதிரிப் போய் உட்கார்ந்தது. தாள் நுழைய இடமில்லை.

“மற்றதக் கொண்டா!” என்று கத்தினார் செல்லத்தம்பி.

டக். டக். நதீரா பித்தளை ஆணிகளை எண்ணெயில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்குள் எட்டு மாதத்தில் ஒரு பங்கு இறங்கி நின்றது. கடல் ஆறின் வெளிறிய வட்டத்துக்கு மேல் விளக்கு வந்து அமர்ந்து, வட்டத்தை முழுதாக மறைத்துக்கொண்டது. இரண்டே கால் மணிக்கு இருபத்துமூன்று பலகைகள் நின்றன.

மிஞ்சியது கடல் மூன்று. கீழ் ஓரத்தில் கால் அங்குலம் இல்லை. வாப்பா ஹாஜியாருக்கு ஃபோன் எடுத்து, ஒரு பலகை கெட்டதைச் சொன்னார்.

“ஃபில்லர அடைச்சுக் கலர் பூசுவம். ஆரு குனிஞ்சு பார்க்கப் போற?” என்றான் அஸ்கி.

“நான் பார்ப்பன்” என்றார் வாப்பா. பழைய மஹோகனித் துண்டொன்றில் மெல்லிய சட்டம் அறுத்து, ஒட்டி, இறுக்கி, பலகையைச் சுவரில் ஏற்றினார். சட்டம் புதுக் காயம் மாதிரிப் பச்சையாகத் தெரிந்தது. மணி இரண்டே முக்கால்.

“மகள்” என்றார்.

ஐந்து ஆண்கள் நின்றார்கள். நதீரா அவர்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து போத்தலைத் திறந்தாள்.

அரக்குப் பொலிஷ் வேலை தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பொட்டணம் பலகையில் பட்டுவிட்டால் கை நிற்கக் கூடாது. ஒரு நொடி நின்றாலும் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தைக் கிழித்துவிடும். சின்ன வட்டமாக, வட்டத்துக்குள் வட்டமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சட்டத்திலிருந்து பழைய பொலிஷுக்குள், பழைய பொலிஷிலிருந்து சட்டத்துக்குள். ஒரு பூச்சு. காயட்டும். இன்னொரு பூச்சு. நாலாவது பூச்சில் எல்லை மங்கியது. ஆறாவது பூச்சின் நடுவில், ஏணியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

காலிதீன் ஹாஜியார் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்.

எழுந்து ஓடி ராத்தாவின் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று நதீராவின் உடம்பு முழுக்கச் சொன்னது. கை மட்டும் கேட்கவில்லை. கை நின்றால் சட்டம் கெட்டுப்போகும். அவள் தலையைக் குனிந்தபடி சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

“இது ஆரு?” என்றார் ஹாஜியார்.

பஞ்சுப் பொட்டணம் பலகையில் வழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அஸ்கி, பொலிஷ் நீ எண்டல்லவா என்னட்டச் சொன்ன?”

அஸ்கி தன் கைகளைப் பார்த்தான்.

“என்ட இளைய மகள், ஹாஜியார்” என்றார் மீராசா ஓடாவி. “இருபத்துநாலும் அவட கைதான். எனக்குத் தோள் ஏலா. பொம்புளப் புள்ள செய்தா வேலை தர மாட்டீங்களெண்டு மறைச்சம். பிழை எங்கட பக்கம்.”

ஹாஜியார் சுவரோரம் நடந்தார். ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் நின்றார். எட்டாவதின் முன்னால் குனிந்து பார்த்தார். அதில் தன் தாடியைப் பார்த்தாரோ என்னவோ, அதைத் தடவிச் சரிசெய்தார். அதற்குப் பிறகு தன் காலைப் பார்த்தார்.

“இதுக்குள்ள சப்பாத்தோட வந்திட்டனே” என்றார். அங்கேயே ஒற்றைக் காலில் நின்று இரண்டையும் கழற்றி, கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்தார். “எந்தப் பலகை கெட்டதெண்டு ஃபோனில சொன்ன, ஓடாவி?”

“நீங்களே தேடிப் பாருங்களன்.”

ஹாஜியார் தேடினார். நதீரா கடைசி வட்டத்தைப் பலகையின் ஓரத்தால் வெளியே வழுக்கி எடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உட்கார்ந்திருந்த இடமே காட்டிக் கொடுத்தது. அப்படியும் அவருக்குச் சட்டம் அகப்படவில்லை. இரண்டு முறை விரலால் தடவினார். மூன்றாம் முறை சிரித்துவிட்டார்.

“மாஷா அல்லாஹ். மாஷா அல்லாஹ். ஃபோர்மிக்காக்காரன வர வேணாமெண்டு சொல்லிடுறன்.” சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த வேலைக் கடதாசியை எடுத்தார். “முன் கபின் ரெண்டு இரிக்கி. சுக்கான் அறை இரிக்கி. அதுவும் இந்தப் புள்ளதான். வேற ஆள் தொடப்படாது. இதுல அஸ்கி எண்டு கிடக்கிறத வெட்டுறன். பேர் என்ன?”

எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். வாப்பா மகளைப் பார்த்தார்.

“நதீரா” என்றாள் அவள். “மீராசா நதீரா.”

பேனை கடதாசியில் கீறியது. செல்லத்தம்பி வெளியே எட்டிப் பார்த்து, “எழுதியாச்சு!” என்று கத்தினார். கீழே ஆட்கள் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். ஹுஸ்னியா தங்கையின் தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்தினாள். ராத்தாவின் கை முழுக்க மரத்தூள். ஒலுவில் பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது.

நதீராவுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. மச்சான் அலைந்து திரிந்து பேசியிருக்காவிட்டால் இந்த வேலையே அந்த வீட்டுக்கு வந்திருக்காது. கடதாசியில் அவர் பேரும் கிடக்கட்டும். அதைச் சொல்லத்தான் அவள் ராத்தாவின் கைக்குள்ளிருந்து தலையைத் திருப்பினாள்.

அஸ்கி நின்ற இடத்தில் சீவுளி மட்டும் இருந்தது.

அவன் ஏணியின் பாதியில் இறங்கிக்கொண்டிருந்தான். ஹுஸ்னியா கதவுக்கு ஓடினாள். “நில்லுங்க! சோறு அப்படியே கிடக்கு. நீங்க இன்னும் தின்னல்ல!”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்களின் சைக்கிள்களை விலக்கி மோட்டார் சைக்கிளை எடுத்தான். உதைத்தான். தென்னைகளுக்கு நடுவே படலை வாசல்வரை போய், ஒரு காலை ஊன்றி நின்றான். வலப்பக்கம் கல்முனை றோட்டு, ஹுஸ்னியாவின் வீடு. இடப்பக்கம் வட்டை வழி, வரிப்பத்தான்சேனையில் அவனுடைய உம்மாவின் வீடு. கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்த ஐந்து வருஷத்தில் ஒரு பெருநாளன்றுகூட அவன் அங்கே இராத் தங்கியதில்லை.

ஹுஸ்னியா ஏணியின் உச்சியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோட்டார் சைக்கிள் இடப்பக்கம் திரும்பியது.